புதுக் குடியிருப்பை ஏற்றுக்கொள்ளும்போது: காவிரி டெல்டாவுக்கான கேள்வி பதில்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று எந்தப் பக்கம் போனாலும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை நடவு வயலாக இருந்த இடத்தில் இன்று ஒரு 'நகர்' பெயர்ப்பலகை நிற்கிறது. கட்டியவர்கள் வேலையை முடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தை ஒரு தலைமுறைக் காலம் நடத்தப் போகிறவர்கள் வேறு ஆட்கள்: குடியிருப்போர் சங்கம், ஊராட்சி, மாநகராட்சி, அரசின் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அல்லது சங்கம் அமர்த்தும் பராமரிப்பு நிறுவனம். இந்தக் கைமாற்றம் பற்றி இரு தரப்பும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கட்டும் வேலையிலும் பராமரிக்கும் வேலையிலும் இருந்தவன் என்பதால் என் அபிப்பிராயங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

சாவியைக் கொடுத்துவிட்டால் ஒப்படைப்பு முடிந்துவிட்டது என்று பில்டர் சொல்கிறார். சரியா?

பாதிதான் சரி. சாவி என்பது ஒரு வீட்டை ஒரு குடும்பத்திடம் கொடுப்பது. சாலை, மழைநீர் வடிகால், ஆழ்துளைக் கிணறு, தரைமட்டத் தொட்டி, மோட்டார், லிஃப்ட், செப்டிக் டேங்க், தெருவிளக்கு, பூங்கா ஆகியவை எந்த ஒரு குடும்பத்துக்கும் சொந்தமல்ல. அவற்றைப் பொதுவாக ஏற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கும் நம் மக்கள் இந்த இரண்டாவது ஒப்படைப்புக்கு நாள் குறிப்பதே இல்லை. மோட்டார் எரிந்துபோன அன்றுதான் அதைப் பழுதுபார்ப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி எழும். அந்த நேரத்தில் பில்டரின் சைட் என்ஜினீயர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

பொதுச் சொத்துகளை யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?

குடியிருப்பின் வகையைப் பொறுத்தது. அடுக்குமாடி என்றால் வீட்டு உரிமையாளர்களின் சங்கத்திடம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்திருக்கிறது. பழைய சங்கங்கள் பல 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை.

மனைப்பிரிவு என்றால் கதை வேறு. அங்கே சாலைகளும் பூங்கா இடமும் தானப்பத்திரம் வழியாக உள்ளாட்சி அமைப்புக்குப் போக வேண்டும். அதன்பின் சாலை போடுவதும் விளக்கு எரியவைப்பதும் ஊராட்சி அல்லது மாநகராட்சியின் வேலை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிய குடியிருப்பு என்றால் வாரியமும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து நடத்துகின்றன. தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்த வீடுகள் மாவட்ட நிர்வாகம் வழியாகக் குடும்பங்களுக்கும் ஊராட்சிக்கும் வருகின்றன. உங்கள் இடம் இவற்றில் எந்த வகை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மனைப்பிரிவில் வீடு கட்டியவர்கள் அடுக்குமாடிச் சட்டத்தைக் காட்டி வாதாடிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தில் காலக்கெடு உண்டா?

உண்டு. 'ரெரா' என்று எல்லோரும் சொல்லும் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8 வீடுகளுக்கு மேலாகவோ கட்டப்படும் திட்டம் பதிவு செய்யப்பட வேண்டும். மாநிலச் சட்டம் வேறுவிதமாகச் சொல்லாத இடத்தில், பாதிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு முன்பதிவு ஆனதிலிருந்து 3 மாதத்துக்குள் சங்கம் அமைக்க வழிசெய்ய வேண்டியது பில்டரின் கடமை. சங்கம் பராமரிப்பை ஏற்கும்வரை, நியாயமான கட்டணத்தில் அத்தியாவசியச் சேவைகளை அவரே நடத்த வேண்டும். கட்டிடம் குடியேற்றத்துக்கு ஏற்றது என்ற சான்றிதழ் கிடைத்த 30 நாளில் வரைபடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் கொடுக்க வேண்டும். அதே சான்றிதழ் கிடைத்த 3 மாதத்துக்குள் பொது இடங்களின் உரிமையை எழுதித் தர வேண்டும்.

இன்னொன்றை மறக்காதீர்கள். வீட்டைக் கையில் கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிய வந்து நீங்கள் தெரிவித்தால், 30 நாளில் கூடுதல் கட்டணம் இல்லாமல் அதைச் சரிசெய்ய வேண்டும். இதே சட்டம் வீடு வாங்கியவருக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது: சங்கம் அமைப்பதில் அவரும் பங்கெடுக்க வேண்டும்.

சங்கம் எப்போதிலிருந்து இதில் தலையிட வேண்டும்? கட்டி முடித்தபின் போதாதா?

போதாது. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பிற்காலத்தில் நடத்தப் போகிறவர் குழாய்ப் பள்ளம் மூடப்படுவதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும்.

கட்டிடத்தின் மேல்பூச்சை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். மண்ணுக்குள் போனதைப் பள்ளம் திறந்திருக்கும் சில நாட்கள்தான் பார்க்க முடியும். கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் சரிகிறது, அடியில் மணல் பரப்பியிருக்கிறார்களா, குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எங்கே குறுக்கிடுகின்றன, வால்வு எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பவை பின்னர் ஒவ்வொரு பழுதின்போதும் தேவைப்படும். சங்கம் இன்னும் பதிவாகவில்லையா? பரவாயில்லை. வீடு வாங்கியவர்களில் வாரம் ஒருமுறை வந்து போகக்கூடிய இருவரைத் தேர்ந்தெடுங்கள். ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறை ஊழியரோ மின்வாரியக்காரரோ இல்லாத நகர் தஞ்சாவூர்ப் பக்கம் அரிது. அவர்களிடம் ஒரு அளவு நாடாவும் கைப்பேசியும் இருந்தால் போதும். மூடும் முன் எடுத்த புகைப்படம் ஒவ்வொன்றிலும் அருகில் இருக்கும் சுவரோ தூணோ தெரிய வேண்டும். பள்ளத்தை மட்டும் எடுத்த படம் பிற்பாடு எந்த இடம் என்றே தெரியாமல் போகும்.

பில்டர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படி வருகிறவர்களைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். நீங்கள் செய்த நல்ல வேலைக்கு அவர்கள்தான் பின்னாளில் சாட்சி.

மழைக்காலம் முடியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்கிறார்களே, ஏன்?

நானும் அதையேதான் சொல்வேன். டெல்டாவில் ஒரு குடியிருப்பு உண்மையில் எப்படி இருக்கிறது என்பது வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர்வரைதான் தெரியும்.

ஏப்ரலில் நீங்கள் வடிகாலில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் அழகாக ஓடும். ஏனென்றால் அது போய்ச் சேரும் வாய்க்கால் அப்போது வறண்டு கிடக்கிறது. ஐப்பசியில் அதே வாய்க்கால் கரை தொட்டு ஓடும்போது உங்கள் வடிகாலின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். வெளியே போக வேண்டிய நீர் உள்ளே திரும்பி வரும். நிலம் தட்டையாக இருக்கும் இந்தப் பகுதியில் சில அங்குல மட்ட வித்தியாசமே தெருவில் தண்ணீர் நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே வடிகாலின் வாய், வாய்க்காலின் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, இல்லையென்றால் நீர் திரும்பாமல் தடுக்கும் ஒருவழிக் கதவு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வெள்ள மட்டம் எவ்வளவு என்பதை அறிய பக்கத்து வயல்காரரைக் கேட்டால் போதும். சம்பா மூழ்கிய ஆண்டுகளை அவர் மறந்திருக்க மாட்டார்.

மண்ணும் ஒரு காரணம். நம் களிமண் கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் ஊறி உப்பும். வயலில் மேடு தூக்கக் கொட்டிய மண் சரியாகக் கெட்டிக்கப்படவில்லை என்றால் முதல் பெருமழையில் அமுங்கும். குழாய்ப் பள்ளத்தின் மேல் சாலை உள்வாங்கும், கழிவுநீர்க் குழாய் தன் சரிவை இழக்கும், சுற்றுச்சுவரில் விரிசல் ஓடும். இவை எதுவும் வெயிலில் தெரியாது. ஒரு தீபாவளி மழையையும் ஒரு சித்திரை வெயிலையும் பில்டரின் பொறுப்பிலேயே கடந்துவிட்டு முழுமையாக ஏற்றுக்கொள்வதே என் பரிந்துரை. சட்டம் இப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் இரு தரப்பும் சம்மதித்து எழுதிக்கொள்ளத் தடை ஏதும் இல்லை.

எங்கள் நகருக்குள்ளேயே ஒரு கன்னி வாய்க்கால் (வயலுக்கு நீர் கொண்டுபோகும் சிறு கிளை வாய்க்கால்) போகிறது. அது எங்கள் பொறுப்பா?

அதன் கணக்கைக் கிராம வரைபடத்திலும், சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்படத்திலும், கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலும் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம். பில்டர் அதை மனையோடு சேர்த்து விற்றிருக்கவோ மூடியிருக்கவோ கூடாது. பட்டா நிலத்துக்குள் ஓடும் சிறு வாய்க்காலாக இருந்தாலும், அதன் கடைமடையில் யாருடைய வயலோ இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் அடைத்தால் குறுவைக்கு அவருக்குத் தண்ணீர் வராது. மழைக்காலத்தில் மேல்வயல் தண்ணீர் உங்கள் தெருவுக்குள் ஏறும்.

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் ஆண்டுதோறும் அரசு தூர்வாரும் பணி நடக்கும். உங்கள் நகரின் வெளியேற்ற வாய்க்கால் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நகருக்கு உள்ளே ஓடும் பகுதியைச் சங்கமே சுத்தம் செய்துவிடுவது நல்லது. ஊர் மக்களே வாய்க்காலையும் குளத்தையும் பராமரிக்கும் குடிமராமத்து நடந்த ஊர்கள் இவை. வயல் போய் வீடு வந்துவிட்டது என்பதற்காக அந்தக் கடமை மறைந்துவிடாது.

செப்டிக் டேங்க் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

நிறைய. ஆறுகளில் தண்ணீர் ஓடும் மாதங்களிலும் மழையிலும் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். அப்போது உறிஞ்சு குழி எதையும் உறிஞ்சாது. குளியலறையில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்ற புகார் கார்த்திகையில் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அடைப்பு என்று நினைத்துக் குழாயைக் குத்திக்கொண்டிருப்பார்கள்.

நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது தொட்டியை முழுவதும் காலி செய்யாதீர்கள். உள்ளே எடை இல்லாமல் போனால் வெளிநீர் தொட்டியை மேலே தூக்கி இணைப்புகளை உடைத்துவிடும். தயாராக வாங்கி இறக்கிய தொட்டிகளில் இந்த ஆபத்து அதிகம்; தரைக்கடியில் உள்ள குடிநீர்த் தொட்டிக்கும் இது பொருந்தும். கழிவை அகற்றுவதைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். லாரி வந்து நிற்க இடமும் தொட்டியின் மூடியை எட்டும் வழியும் இருக்கிறதா என்பதை ஒப்படைப்பின்போதே பாருங்கள். மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்திருந்தால் உடைத்து வெளிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

தொட்டிக்குள் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டின் சட்டப்படி தடை செய்யப்பட்டது. 'ஒரு நிமிஷ வேலைதான்' என்று சொல்லி இறக்கப்பட்டு விஷவாயுவில் இறந்தவர்கள் ஏராளம். நீங்கள் சங்கத் தலைவர் என்றால் இதை எழுதி மோட்டார் அறையில் ஒட்டுங்கள். உரிமம் பெற்ற லாரியும் இயந்திரமும் தவிர வேறு வழியில்லை.

பெரிய குடியிருப்பில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி யார் பெயரில் இருக்கிறது, எப்போது முடிகிறது என்று கேளுங்கள். அதை இயக்கிய ஆள் ஒப்படைப்புக்குப் பின்னும் சில மாதம் இருக்கும்படி ஒப்பந்தம் செய்யுங்கள்.

எந்தெந்த ஆவணங்களைக் கேட்டு வாங்க வேண்டும்?

அனுமதி வரைபடம் எல்லோரும் கொடுப்பார்கள். உங்களுக்கு வேண்டியது, உண்மையில் எப்படிக் கட்டினார்களோ அதை அப்படியே காட்டும் வரைபடம். தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் மூன்றுக்கும் தனித்தனியாக. பணிநிறைவுச் சான்று, மின் இணைப்பு அட்டைகள், வரி ரசீதுகள், மோட்டார் மற்றும் ஜெனரேட்டர் வாங்கிய பில், உத்தரவாத அட்டை ஆகியவற்றையும் வாங்குங்கள். உத்தரவாதம் பில்டரின் பெயரில் இருந்தால் சங்கத்தின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். லிஃப்டுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் ஆழம், கேசிங் குழாய் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, மோட்டார் எந்த ஆழத்தில் தொங்குகிறது என்ற மூன்று எண்களையும் எழுதி வாங்குங்கள். போர்வெல் போட்டவரின் தொலைபேசி எண் அதைவிட முக்கியம்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் நீர்ப் பரிசோதனையை மழை முடிந்தபின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் செய்யச் சொல்லுங்கள். மார்கழியில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வைகாசியில் உப்புக் கரிக்கலாம்.

மாதப் பராமரிப்புத் தொகையை எப்படி நிர்ணயிப்பது? பிற்காலப் பராமரிப்புக்காக வைப்புநிதி என்று பில்டர் வாங்கிய பணம் எங்கே போனது?

விற்கும்போது பில்டர் சொன்ன தொகையை நம்பாதீர்கள். வாங்குபவரைப் பயமுறுத்தாமல் இருக்கச் சொல்லப்பட்ட தொகை அது. உண்மைச் செலவிலிருந்து தொடங்குங்கள். உதாரணமாக 5 குதிரைத்திறன் மோட்டார் தினம் 4 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 யூனிட், மாதத்துக்கு 450 யூனிட். பொதுப் பயன்பாட்டு மின் இணைப்புக்கு வீட்டு இணைப்பைப் போல இலவச யூனிட் கிடையாது. இதோடு காவலாளி, துப்புரவுப் பணியாளர், லிஃப்ட் ஒப்பந்தம், கழிவு லாரி, மோட்டார் பழுது எல்லாவற்றையும் கூட்டி வீடுகளால் வகுத்துப் பாருங்கள். காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் கௌரவமான சம்பளம் வைத்தே கணக்குப் போடுங்கள். அங்கே மிச்சம் பிடிக்கும் சங்கங்கள் மீது எனக்கு மரியாதை இல்லை.

வைப்புநிதியாக ஒவ்வொருவரிடமும் வாங்கிய தொகைக்கு ரசீதுகளை ஒன்றுசேர்த்து மொத்தத்தைப் போடுங்கள். பில்டரிடம் வங்கிக் கணக்கு அறிக்கையைக் கேளுங்கள். பணம் சங்கக் கணக்குக்கு வரும் நாளும் ஒப்படைப்பில் கையெழுத்திடும் நாளும் ஒன்றாக இருக்கட்டும். ஜிஎஸ்டி பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய்வரை விலக்கு இருக்கிறது. நம் ஊர்களில் அந்த அளவை எட்டும் குடியிருப்புகள் குறைவு.

பூங்கா என்று காட்டிய இடத்தில் கருவேலம் வளர்ந்திருக்கிறது. கேட்டால் ஊராட்சியும் பில்டரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு இலவசமாகத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். எழுதினாரா என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அந்தச் சர்வே எண்ணுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது. தானப்பத்திரம் பதிவாகியிருந்தால் இடம் ஊராட்சியுடையது. கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். ஆண்டுக்கு 6 கிராம சபைகள் நடக்கின்றன. பதிவாகவில்லை என்றால் மனைப்பிரிவுக்கு அனுமதி தந்த நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ரெரா சட்டப்படி அமைந்த கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்துக்கும் எழுதுங்கள். தாமதிக்காதீர்கள். காலியாகக் கிடக்கும் பொது இடத்தின் மீது யாராவது கண் வைப்பார்கள்.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் கட்டிய குடியிருப்புகளிலிருந்து கற்க ஏதாவது உண்டா?

மிகவும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன்பின் அரசு நிலம் தர, தொண்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டின. அவ்வளவு பெரிய துயரத்துக்குப் பின் அவ்வளவு விரைவில் கூரை தந்தது பெரும் சாதனை. ஆனால் வீட்டுக்கு ஒரு கணக்கு, சாலைக்கும் வடிகாலுக்கும் வேறொரு கணக்கு என்று இருந்த இடங்களில் குடும்பங்கள் குடியேறிய முதல் மழையிலேயே தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நின்றது. கட்டிய நிறுவனம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கும். ஊராட்சிக்கோ கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வீடு கட்டியபோது குடும்பங்களைக் கலந்து பேசி வடிவமைத்தது. வீட்டில் வசிக்கப் போகிறவர் கட்டும்போதே உடனிருப்பது எவ்வளவு பெரிய அளவிலும் சாத்தியம் என்பதற்கு நம் கடற்கரையிலேயே கிடைத்த சான்று அது.

வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள் ஏழைகள். அவர்களால் சங்கம் நடத்த முடியுமா?

முடியும். 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் குடியிருப்போர் செலுத்தும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் ஒரு பங்கு தருகிறது. மகளிர் குழுக் கணக்கைப் பைசா பிசகாமல் பார்க்கும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைப் பொறுப்பில் வையுங்கள். தங்கள் சொந்தப் பிழைப்பின் இடத்திலிருந்து தூரமாகக் கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டவர்களிடம் முதல் மாதமே பணம் கேட்காமல், பஸ் வசதியும் தண்ணீரும் சரியானபின் கேளுங்கள்.

புயலில் மின்சாரம் போனால்?

2018 நவம்பர் 16இல் கஜா கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டருக்கு மக்கள் காசு பிரித்தார்கள். ஆகவே ஜெனரேட்டர் எந்தெந்த மோட்டாரை இழுக்கும் என்பதை ஒப்படைப்பு நாளில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெளி ஜெனரேட்டரை இணைக்க ஒரு மாற்று ஸ்விட்ச் வைப்பதற்கு ஆகும் செலவு சிறிது.

நான் பில்டர். ஒப்படைத்தபின் எல்லாப் பழுதுக்கும் என்னையே கூப்பிடுகிறார்கள். என்ன செய்வது?

இரு தரப்பும் சேர்ந்து நடந்து பார்த்துக் குறைகளை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். கட்டுமானக் குறை எது, உபயோகத்தால் தேய்ந்தது எது என்று அதிலேயே பிரித்து இருவரும் கையெழுத்திடுங்கள். வேலை தெரிந்த உங்கள் பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் முதல் ஓராண்டு சங்கத்துக்கு அழைத்தால் வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். பாதி அழைப்புகள் குறைந்துவிடும்.

ஏற்கெனவே 'எல்லாம் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

செய்யலாம். அந்தக் கையெழுத்தால் 5 ஆண்டுக் குறைநீக்கப் பொறுப்பு போய்விடாது. குறைகளைத் தேதியுடன் புகைப்படம் எடுத்துப் பதிவுத் தபாலில் பில்டருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ஒழுங்குமுறைக் குழுமத்தில் புகார் கொடுக்கலாம். அதற்குள் மழை வந்துவிட்டால் தண்ணீர் நிற்கும் இடங்களைத் தெருப் பெயரோடும் நேரத்தோடும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை பெரும்பாலும் கோடையில் நடக்கும், அப்போது காட்ட வேறு எதுவும் இருக்காது.